செம்மறி ஆட்டின் கருக்குழாயில் முதல் மூன்று நாள்: ஹார்மோன்கள் என்ன செய்கின்றன? முழுமையான வழிகாட்டி

வளர்ந்த ஆட்டின் உடல் செல்லிலிருந்து நகலாக்கப்பட்ட முதல் பாலூட்டி டாலி. அது 1996 ஜூலையில் பிறந்தது என்பது பலருக்கும் தெரியும். ஆனால் கருவாக இருந்த முதல் ஆறு நாளை அது எங்கே கழித்தது என்று கேட்டால் பெரும்பாலானோர் கண்ணாடித் தட்டில் என்றுதான் சொல்வார்கள். ஸ்காட்லாந்தின் ராஸ்லின் ஆய்வகத்தினர் தாங்கள் உருவாக்கிய 277 கருக்களையும் வேறு செம்மறிப் பெட்டைகளின் கருக்குழாய்க்குள் வைத்து, குழாயை முடிச்சிட்டுத்தான் வளர்த்தார்கள். அவற்றில் 247 திரும்பக் கிடைத்தன, 29 மட்டுமே கருப்பைக்கு மாற்றும் அளவுக்கு வளர்ந்திருந்தன, அந்த 29-இல் ஒன்று டாலி ஆனது. அத்தனை கருவிகள் இருந்த இடத்திலும் அந்த முதல் நாட்களுக்கு ஓர் ஆட்டின் குழாயைத்தான் நம்பினார்கள்.

அந்தக் குழாய் என்ன செய்கிறது, எந்த ஹார்மோன் அதை எப்போது இயக்குகிறது, நாம் எங்கே அறியாமல் அதைக் கெடுக்கிறோம் என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம். ஒன்றை மட்டும் தொடக்கத்திலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இங்கே ஹார்மோனின் அளவைவிட அது வரும் வரிசைதான் முக்கியம். சரியான ஹார்மோன் தவறான நாளில் வந்தால் அது கருவுக்குப் பகை.

முதலில் குழாயைத் தெரிந்துகொள்ளுங்கள்

சினைப்பைக்கும் கருப்பைக்கும் நடுவே, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு கருக்குழாய்கள் இருக்கின்றன. நீளம் சுமார் 15 முதல் 19 செ.மீ. சினைப்பைப் பக்கம் புனல் போல விரிந்த வாய். அதையடுத்து அகலமான மேல்பகுதி. பிறகு குறுகிய, தசை தடித்த கீழ்ப்பகுதி. கடைசியில் கருப்பையோடு சேரும் முனை. மேல்பகுதியும் கீழ்ப்பகுதியும் சந்திக்கும் இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கருத்தரிப்பு அங்கேதான் நடக்கிறது.

குழாயின் உட்சுவரில் இரண்டு வகை செல்கள் உண்டு. ஒரு வகைக்கு மேலே நுண்மயிர்கள் இருக்கும், அவை அசைந்து பொருளை நகர்த்தும். இன்னொரு வகை திரவம் சுரக்கும். சுவரைச் சுற்றி வழுவழுத் தசை. ஹார்மோன்கள் இந்த மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றுகின்றன. அதனால்தான் இதை வெறும் குழாய் என்று நினைப்பது தவறு என்கிறேன்.

படி 1: நாள் கணக்கை பருவத்திலிருந்து தொடங்குங்கள்

பெட்டை பருவத்துக்கு வந்த நாளை, அதாவது கிடாவை ஏற்கத் தொடங்கும் நாளை, பூஜ்யம் என்று வைத்துக்கொள்வது வழக்கம். செம்மறியின் பருவச் சுழற்சி சராசரியாக 17 நாள். பருவம் 24 முதல் 36 மணி நேரம் நீடிக்கும். கருமுட்டை வெளியாவது பருவத்தின் கடைசிப் பகுதியில், அதாவது பருவம் தொடங்கி ஏறக்குறைய 24 முதல் 30 மணி நேரத்தில்.

செம்மறி, பகல் குறையும் காலத்தில் இனப்பெருக்கம் செய்யும் விலங்கு. இரவு நீளும்போது, இருட்டில் சுரக்கும் மெலடோனின் என்ற ஹார்மோன் சுரக்கும் நேரமும் நீள்கிறது. மூளை அதை வைத்துத்தான் பருவகாலத்தைக் கணக்கிடுகிறது. நிலநடுக்கோட்டுக்கு அருகே பகல் நீளம் அதிகம் மாறாததால், அங்குள்ள இனங்களில் பருவகாலக் கட்டுப்பாடு தளர்வாக இருக்கும்.

பருவகாலம் தொடங்கும்போது வரும் முதல் கருமுட்டை வெளியேற்றம் பெரும்பாலும் வெளியே தெரியாமல் போய்விடும். முட்டை வெளியாகும், ஆனால் பெட்டை கிடாவை ஏற்காது. காரணம், பருவத்தைக் கொண்டுவரும் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனுக்கு மூளை இணங்கிப் பருவ நடத்தையைக் காட்ட வேண்டுமானால், அதற்கு முன் சில நாள், சினையைத் தாங்கும் ஹார்மோனான புரோஜெஸ்டிரோனின் தாக்கத்தில் இருந்திருக்க வேண்டும். வரிசை என்று நான் சொன்னதற்கு இதுவே முதல் சாட்சி.

படி 2: ஈஸ்ட்ரோஜன் குழாயைத் தயார் செய்யும் விதம்

முந்தைய முட்டை வெளியான இடத்தில் உருவாகிப் புரோஜெஸ்டிரோன் சுரக்கும் திசுவுக்குக் கார்ப்பஸ் லூட்டியம் என்று பெயர். அது கரைந்து புரோஜெஸ்டிரோன் விழுந்ததும், சினைப்பையில் முட்டையைத் தாங்கும் ஒரு நுண்ணறை வேகமாக வளர்கிறது, சில சமயம் இரண்டு மூன்றும் வளரும். வெடிக்கும் நேரத்தில் அதன் குறுக்களவு 5 முதல் 7 மி.மீ. வரை இருக்கும். அது சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் ரத்தத்தில் ஏற ஏற, கருக்குழாய் உருமாறத் தொடங்குகிறது.

நுண்மயிர் செல்கள் நன்கு வளர்ந்து நிற்கின்றன. சுரப்புச் செல்கள் நிரம்புகின்றன. குழாய்க்குள் ஊறும் திரவம் சுழற்சியிலேயே அதிகமாக இருப்பது இந்தப் பருவ நாட்களில்தான், புரோஜெஸ்டிரோன் ஆதிக்கம் வந்ததும் குறைந்துவிடும். அந்தத் திரவம் ரத்தத்திலிருந்து வடிந்த நீர் மட்டும் இல்லை. ஈஸ்ட்ரோஜன் இருந்தால் மட்டுமே உருவாகும் ஒரு தனிப்பட்ட கிளைக்கோபுரதம் அதில் இருக்கிறது. குழாயின் மேல்பகுதியில் சுரந்து, கருமுட்டையின் மேலுறையில் போய் ஒட்டிக்கொள்ளும். பருவம் முடிந்து சில நாட்களில் அது மறைந்துவிடும்.

தசையின் கதை வேறு. ஈஸ்ட்ரோஜன் கீழ்ப்பகுதித் தசையை, நரம்புகள் வெளியிடும் நோர்அட்ரினலின் என்ற வேதிப்பொருளுக்குச் சுருங்கும் வகையில் கூர்மையாக்குகிறது. சுவர் நீர்கோத்து வீங்குகிறது, உள்ளே பசை போன்ற சளி நிறைகிறது. ஆக, பருவ நாளில் குழாயின் கீழ்ப்பாதி ஏறக்குறைய அடைத்த கதவு. விந்தணு மேலே போக வேண்டிய நாளில் கதவு ஏன் இறுகுகிறது என்று தோன்றலாம். அதற்கான விடை அடுத்த படியில் இருக்கிறது.

படி 3: விந்தணுவின் பயணமும் காத்திருப்பும்

ஒரு கிடா ஒரு முறையில் விடும் விந்து சுமார் 1 மி.லி.தான். ஆனால் அதில் இரண்டு மூன்று நூறு கோடி விந்தணுக்கள் இருக்கும். அவை கருப்பை வாய்க்கு அருகே விழுகின்றன. செம்மறியின் கருப்பை வாய் வளைந்து நெளிந்த வளையங்களால் ஆனது, அதைத் தாண்டுவதே பெரிய சோதனை. பருவ நாளில் ஈஸ்ட்ரோஜன் அங்கே மெல்லிய, நூலாக இழுபடும் சளியைச் சுரக்க வைக்கிறது. நல்ல விந்தணுக்கள் அந்தச் சளியில் நீந்தி மடிப்புகளில் தங்குகின்றன. அங்கிருந்து சிறிது சிறிதாக மேலே போகின்றன.

கருவாக்கும் திறனுள்ள விந்தணுக்கள் போதிய எண்ணிக்கையில் கருக்குழாயின் கீழ்ப்பகுதியை அடைய 6 முதல் 8 மணி நேரம் ஆகிறது. கோடிகளில் புறப்பட்டு அங்கே போய்ச் சேருபவை ஆயிரக்கணக்கில்தான். போனவை உடனே மேலே ஓடுவதில்லை. சுவரின் செல்களில் ஒட்டிக்கொண்டு, ஏறக்குறைய அசையாமல் நிற்கின்றன. முன்னே சொன்ன அடைத்த கதவின் பயன் இதுதான். பருவத்தின் தொடக்கத்திலேயே சேர்க்கை நடந்துவிட்டால், முட்டை வெளியாகும் வரை ஏறக்குறைய முக்கால் நாள் விந்தணு உயிரோடு காத்திருக்க வேண்டும். இறுகிய அந்தக் குழாய் அதன் வலுவைச் சேமித்து வைக்கிறது. ஒரே நேரத்தில் பல விந்தணுக்கள் முட்டையை மொய்த்தால் கரு கெட்டுவிடும். அதையும் இந்தக் குழாய் தடுக்கிறது.

கிடா விடுபவர்களுக்கு இதில் ஒரு நடைமுறைப் பாடம் உண்டு. பருவம் முடியும் தறுவாயில் நடக்கும் சேர்க்கையைவிட, பருவம் தொடங்கிய பாதி நாளுக்குள் நடக்கும் சேர்க்கை பாதுகாப்பானது. முட்டைக்கு முன்பே விந்தணு இடத்தில் போய் நின்றிருக்க வேண்டும்.

படி 4: முட்டை வெளியாகும் நேரம்

ஈஸ்ட்ரோஜன் உச்சத்தைத் தொட்டதும் மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து, முட்டையை வெளியேற்றும் ஹார்மோனான எல்.எச். அலையாக எழுகிறது. சுமார் ஒரு நாளில் நுண்ணறை வெடிக்கிறது. புனல் வாயின் நுண்மயிர்கள் முட்டையை வாரிக் குழாய்க்குள் தள்ளுகின்றன. சில மணி நேரத்தில் முட்டை மேல்பகுதியைக் கடந்து, கீழ்ப்பகுதி தொடங்கும் இடத்தில் வந்து நிற்கிறது.

அதே நேரத்தில் கீழே ஒட்டியிருந்த விந்தணுக்கள் விடுபடுகின்றன. சினைப்பையிலிருந்து வெளியேறும் ரத்த நாளமும், கருக்குழாய்க்குப் போகும் நாளமும் பின்னிப் பிணைந்து ஓடுகின்றன. அதனால் சினைப்பை சுரக்கும் ஹார்மோன் உடல் முழுக்கச் சுற்றி நீர்த்துப் போவதற்குள், நேரே அந்தப் பக்கக் குழாய்க்குக் கூடுதல் செறிவில் கசிந்துவிடுகிறது. முட்டை வெளியான பக்கத்துக் குழாய்க்குத் தகவல் முந்திப் போவது இந்தக் குறுக்கு வழியால்தான். எனக்கு இந்த அமைப்பை எத்தனை முறை படித்தாலும் வியப்பு அடங்குவதில்லை.

முட்டைக்கு ஆயுள் குறைவு. ஒரு நாளுக்குள், நல்ல நிலையில் அதில் பாதி நேரத்துக்குள், விந்தணு அதை அடைந்தாக வேண்டும். இயற்கைச் சேர்க்கையில் நல்ல கிடா இருந்தால் பெரும்பாலான முட்டைகள் கருவாகிவிடும். சினை பிடிக்காத ஆடுகளில் தவறு நடப்பது பல நேரம் இதற்குப் பிறகுதான்.

படி 5: புரோஜெஸ்டிரோன் கதவைத் திறக்கும் வரை

கரு உருவானாலும் உடனே கருப்பைக்குப் போகக்கூடாது. அந்த நேரத்தில் கருப்பை அதை ஏற்கும் நிலையில் இல்லை. ஆகவே கரு மூன்று நாள் போலக் குழாயிலேயே தங்குகிறது. ஒரு செல் இரண்டாகி, நான்காகி, எட்டு முதல் பதினாறு செல் ஆகும்போது இன்னொரு பெரிய மாற்றம் நடக்கிறது. அதுவரை தாயின் முட்டையில் இருந்த சரக்கை வைத்து ஓடிய கரு, இப்போதுதான் தன் சொந்த மரபணுக்களை முழுமையாக இயக்கத் தொடங்குகிறது. ஆய்வகத்தில் வளர்க்கும்போது செம்மறிக் கருக்கள் இந்தக் கட்டத்தில்தான் நின்று போகும். 1987-இல், கருக்குழாய்ச் செல்களின் மேல் வைத்து வளர்த்தால் இந்தத் தடையைத் தாண்டுகின்றன என்று காட்டப்பட்டது. குழாய் கருவுக்கு ஊட்டுகிறது என்பதற்கு அது நல்ல சான்று. 1960-களின் தொடக்கத்தில், செம்மறிக் கருக்களை முயலின் கருக்குழாயில் வைத்து விமானத்தில் இங்கிலாந்திலிருந்து தென்னாப்பிரிக்காவுக்கு அனுப்பி, அங்கே பெட்டைகளுக்கு மாற்றிக் குட்டிகளும் பிறந்தன. இன்னொரு விலங்கின் குழாய்கூடச் சில நாள் தாங்கியது.

சரி, கதவு எப்படித் திறக்கிறது? நுண்ணறை வெடித்த இடத்தில் புதிய கார்ப்பஸ் லூட்டியம் உருவாகி, புரோஜெஸ்டிரோன் மெல்ல ஏறுகிறது. பருவ நாளில் ரத்தத்தில் ஒரு மி.லி.க்கு அரை நானோகிராமுக்கும் கீழே இருந்தது, மூன்றாம் நான்காம் நாளிலிருந்து கூடி, சுழற்சியின் நடுவில் 2 முதல் 4 நானோகிராம் வரை போகும். புரோஜெஸ்டிரோன், செல்களில் ஈஸ்ட்ரோஜனை உணரும் ஏற்பிகளைக் குறைக்கிறது. நோர்அட்ரினலினுக்குச் சுருங்கிய அதே தசையைத் தளர வைக்கிறது. வீக்கம் வடிகிறது, சளி மெலிகிறது. புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருளில், சுருக்கத்தைத் தூண்டும் எஃப் வகையைவிடத் தளர்த்தும் ஈ வகையின் பக்கம் நிலை சாய்கிறது. மூன்றாவது அல்லது நான்காவது நாளில் கரு கருப்பைக்குள் இறங்குகிறது.

ஈஸ்ட்ரோஜன் குறையாமல் நீடித்தால் இந்த ஒழுங்கு கலைகிறது. முட்டைகள் அதிகம் வருவதற்காக அளவுக்கு மீறி ஊசி போட்ட ஆடுகளில் இதைக் காணலாம். வெடிக்காமல் நின்ற நுண்ணறைகள் தொடர்ந்து ஈஸ்ட்ரோஜன் சுரக்க, கரு முன்கூட்டியே நகர்கிறது அல்லது சிக்கிக்கொள்கிறது. விந்தணுக்களும் ஒழுங்காக மேலே போவதில்லை.

படி 6: கருப்பையில் கருவின் குரல்

ஆறு ஏழு நாளில் கரு பிளாஸ்டோசிஸ்ட் எனப்படும், உள்ளே திரவம் நிறைந்த செல் பந்து ஆகிறது. எட்டு ஒன்பதாம் நாளில் மேலுறையை உடைத்து வெளிவருகிறது. பதினோராம் நாளுக்கு மேல் நூல் போல நீளத் தொடங்குகிறது. நீளும்போது இன்டர்ஃபெரான் டாவ் என்ற புரதத்தைச் சுரக்கிறது. இது ஓர் இன்டர்ஃபெரான் வகை என்று கண்டறியப்பட்டது 1987-இல்.

இதன் வேலை ஒரே ஒரு செய்தியை அழுத்திச் சொல்வது: "நான் இருக்கிறேன், கார்ப்பஸ் லூட்டியத்தைக் கரைத்துவிடாதே." கரு இல்லாவிட்டால் கருப்பைச் சுவரில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பிகளும் ஆக்சிடோசின் ஏற்பிகளும் பெருகி, புரோஸ்டாகிளாண்டின் அலையலையாகக் கிளம்பி, கார்ப்பஸ் லூட்டியத்தை அழித்துவிடும். இன்டர்ஃபெரான் டாவ் அந்த ஏற்பிகள் பெருகாமல் தடுக்கிறது. 1966-இல் கேம்பிரிட்ஜில் நடந்த சோதனையில், பன்னிரண்டாம் நாளுக்கு முன் கருவை எடுத்துவிட்ட ஆடுகள் வழக்கமான நாளிலேயே பருவத்துக்குத் திரும்பின. பதிமூன்றாம் நாளுக்கு மேல் எடுத்தவற்றில் கார்ப்பஸ் லூட்டியம் நீடித்தது. கரு மாற்றத்தில் கொடுக்கும் ஆடும் வாங்கும் ஆடும் பருவ நாளில் இரண்டு நாளுக்கு மேல் வேறுபடக் கூடாது என்ற விதியும் அதே ஆய்வுத் தொடரில் பிறந்தது.

வளர்ச்சியில் பின்தங்கிய சின்னக் கரு போதிய அளவு சுரக்காது. அதன் குரல் எட்டாமல் போய், உயிரோடு இருந்தும் இழக்கப்படலாம். ஆக, மூன்றாம் நாளில் குழாயில் கிடைத்த சூழல் பன்னிரண்டாம் நாளில் உயிர்ப் பிரச்சனை ஆகிறது.

படி 7: மந்தையில் இந்த வரிசையைக் கெடுப்பவை

எல்லா ஆடுகளையும் ஒரே நேரத்தில் பருவத்துக்குக் கொண்டுவரும் ஒருமுகப்படுத்தும் சிகிச்சை. புரோஜெஸ்டிரோன் போலச் செயல்படும் மருந்து (புரோஜெஸ்டோஜன்) தோய்ந்த ஸ்பாஞ்சைப் பெட்டையின் யோனிக்குள் 12 முதல் 14 நாள் வைத்து எடுத்தால், ஒன்றரை முதல் இரண்டு நாளில் பருவம் வரும். 1960-களில் ஆஸ்திரேலியாவில் உருவான இந்த முறை இன்றும் பயனுள்ளது. ஆனால் அந்தப் பருவத்தில் கருப்பை வாயில் விந்தணு தங்குவதும் மேலே போவதும் இயற்கைப் பருவத்தைவிட மோசமாக இருக்கும். அதனால் ஒரு கிடாவுக்கு விடும் பெட்டைகளின் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும். உறைவிந்து என்றால், வயிற்றில் சிறு துளையிட்டு உள்ளே பார்க்கும் லேப்ராஸ்கோப் கருவி வழியாகக் கருப்பைக்குள்ளேயே செலுத்துவதே நல்லது, உருகிய விந்தணுவால் கருப்பை வாயைத் தாண்டிப் போதிய எண்ணிக்கையில் போக முடியாது. முட்டைகளைக் கூட்டப் போடும் ஊசி மருந்தின் அளவைக் கால்நடை மருத்துவர் முடிவு செய்யட்டும். அதிகம் போட்டால் அதிகக் குட்டி என்ற கணக்கு மிகவும் ஆபத்தானது.

புரோஸ்டாகிளாண்டின் ஊசி. கார்ப்பஸ் லூட்டியத்தைக் கரைத்துப் பருவத்தைக் கொண்டுவரப் போடுவது, அதனால் கார்ப்பஸ் லூட்டியம் இருக்கும் ஆட்டுக்குத்தான் வேலை செய்யும். சுழற்சி இல்லாத காலத்தில் போட்டுப் பயன் இல்லை. சினை ஆட்டுக்குப் போட்டால் சினை கலையக்கூடும், அதனால் முன்னதாகச் சோதித்துவிடுங்கள்.

கிடா அறிமுகம். பருவமில்லாத காலத்தில் ஒரு மாதம் போலக் கிடாவைப் பிரித்து வைத்திருந்து திடீரென்று உள்ளே விட்டால், பெட்டைகளில் எல்.எச். துடிப்பு நிமிடங்களில் கூடி, இரண்டு மூன்று நாளில் முட்டை வெளியாகும். முதல் முறை பருவ அறிகுறி இல்லாமல் போகும். சில ஆடுகளில் அந்தக் கார்ப்பஸ் லூட்டியம் ஆறு நாளில் கரைந்து, மறுபடி முட்டை வெளியாகும். ஆகவே உண்மையான சேர்க்கைகள் 18-ஆம் நாளையும் 24-ஆம் நாளையும் ஒட்டி இரண்டு கூட்டமாக வரும். முதல் வாரத்தில் எதுவும் நடக்கவில்லை என்று கிடாவை வெளியே எடுத்துவிடாதீர்கள்.

தீவனம். சேர்க்கைக்கு முன் சில வாரம் ஊட்டத்தைக் கூட்டினால் முட்டை எண்ணிக்கை கூடும். அதே தாராளத்தைச் சேர்க்கைக்குப் பிறகும் தொடர்ந்தால், கல்லீரல் வழியாக ரத்த ஓட்டம் பெருகி, புரோஜெஸ்டிரோன் வேகமாக உடைக்கப்பட்டு ரத்தத்தில் குறைகிறது. கரு இழப்பு கூடுகிறது. சேர்க்கைக்குப் பிந்தைய முதல் மூன்று வாரம் சீரான, மிதமான தீவனம் போதும். பட்டினியும் வேண்டாம், விருந்தும் வேண்டாம். யூரியா மிகுந்த தீவனத்தை அந்த நாட்களில் தவிர்ப்பது நல்லது.

மேய்ச்சல். 1940-களில் மேற்கு ஆஸ்திரேலியாவில், நிலத்தடிக் குளோவர் என்ற தீவனச் செடியை மேய்ந்த மந்தைகளில் பெட்டைகள் கூட்டங்கூட்டமாகச் சினை பிடிக்காமல் போயின. அந்தத் தழையில் உள்ள ஃபார்மோனோனெட்டின், இரைப்பையில் ஈக்வால் என்ற பொருளாக மாறி ஈஸ்ட்ரோஜன் போலச் செயல்படுகிறது. தொடர்ந்து மேய்ந்தால் கருப்பை வாயின் அமைப்பே நிரந்தரமாக மாறி, சளி நீர்த்து, விந்தணுவைத் தாங்க முடியாமல் போகும். இங்கே ஈஸ்ட்ரோஜன் இல்லாதது குறையில்லை, ஓயாமல் இருந்ததே குறை. சிவப்புக் குளோவரிலும் இந்தப் பண்பு உண்டு.

வெப்பம். கரு குழாயில் இருக்கும் முதல் மூன்று நாள்தான் வெப்பத்துக்கு மிகவும் பலவீனமான நேரம். பிறகு தாங்கும் சக்தி கூடுகிறது. சேர்க்கை வாரத்தில் நிழல், தண்ணீர், வெயில் உச்சத்தில் நீண்ட நடை இல்லாமை ஆகிய மூன்றையும் விட்டுக்கொடுக்காதீர்கள். கிடாவுக்கு வெப்பம் தாக்கினால் அதன் விளைவு ஏறக்குறைய இரண்டு மாதம் வரை தெரியும், விந்தணு உருவாகி முதிர அவ்வளவு காலம் ஆகிறது.

படி 8: திரும்பி வரும் நாளை எழுதி வையுங்கள்

ஹார்மோன் பரிசோதனை இல்லாமலே பாதி நோயறிதல் இதில் கிடைக்கும். கிடாவின் நெஞ்சில் வண்ணம் தடவி, நிறத்தை 16 நாளுக்கு ஒரு முறை மாற்றுங்கள். ஒவ்வொரு ஆட்டின் முதல் சேர்க்கை நாளையும் திரும்பிய நாளையும் குறியுங்கள்.

16 முதல் 18 நாளில் திரும்பினால், முட்டை கருவாகவில்லை அல்லது கரு பன்னிரண்டாம் நாளுக்கு முன் இறந்துவிட்டது. பல ஆடுகள் இப்படி வந்தால் முதலில் கிடாவைச் சோதியுங்கள், பிறகு வெப்பத்தையும் மேய்ச்சலையும் பாருங்கள். ஆறு ஏழு நாளில் திரும்பினால் அது குறுகிய சுழற்சி, பருவகாலத் தொடக்கத்திலோ கிடா அறிமுகத்துக்குப் பிறகோ வருவது, கவலை வேண்டாம். 20 நாளைத் தாண்டி, ஒழுங்கில்லாத நாட்களில் திரும்பினால் கரு தன் இருப்பைச் சொல்லிவிட்டுப் பிறகு இறந்திருக்கிறது. அப்போது தீவனத்தையும், கலைக்கும் நோய்த்தொற்றுகளையும் பாருங்கள். ஏறக்குறைய ஐம்பதாம் நாள் வரை சினையைத் தாங்குவது சினைப்பையின் புரோஜெஸ்டிரோன்தான், அதன் பிறகே நச்சுக்கொடி அந்தப் பொறுப்பை ஏற்கிறது. அதுவரை இந்தக் குறிப்பேட்டை மூடாதீர்கள்.